உருமால் சுற்றிய ஹெல்மெட்

தங்கவேலின் ஹெல்மெட்டுக்குள் இருந்த தெர்மோகோலைச் சுரண்டி எடுத்தது நான். வேறு யாருமில்லை, நான்தான்! அவனுக்குத் தெரியாது. அவன் அப்பாவுக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

கோவையில் இன்ஜினியரிங் படித்தபோது எனக்கொரு பைத்தியம் இருந்தது. உடுத்திக்கொள்ளும் கார்ட்டூன் என்று நானே அதற்குப் பெயர் வைத்திருந்தேன். ‘உங்கள் பாதுகாப்பை முன்னிட்டு’ என்று யாராவது ஒரு விதி போட்டால் போதும், கை அரிக்க ஆரம்பித்துவிடும். லேப்புக்குள் ஷூ இல்லாமல் வரக் கூடாது என்றார்கள்; லாரி டயரை வெட்டி முழங்கால் வரைக்கும் ஒரு ஷூ செய்து போட்டுக்கொண்டு போனேன். மாடிப்படியில் ஓடக் கூடாது என்று பலகை மாட்டினார்கள்; தலையணைகளைக் கோத்து ஒரு சட்டை தைத்து, அதை அணிந்து படியில் உருண்டு காட்டினேன். என்ன கைதட்டல்! அந்தக் கைதட்டல் இல்லாத நாட்களில் ஹாஸ்டலில் என்னைத் தேடி வந்தவன் தங்கவேல் ஒருவன்தான்... அதை அப்போது நான் கணக்கில் வைக்கவில்லை.

படிப்பு முடிந்து அவன் வெள்ளகோவிலுக்குப் போய் அப்பாவின் கொப்பரை வியாபாரத்தில் உட்கார்ந்தான். கல்யாணமும் நிச்சயமானது. ஹெல்மெட் கட்டாயம் என்று போலீஸார் வண்டிகளை மடக்கிக்கொண்டிருந்த சமயம் அது. மண்டை வேகிறது, முடி கொட்டுகிறது என்று ஊரே முனகியது. எனக்கோ கொண்டாட்டம்!

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு உருமால் கட்டுவது ஒரு சீர். தலைப்பாகைதான், ஆனால் அது ஏறினால்தான் அவன் மாப்பிள்ளை.

“ஏண்டா மச்சா, உருமாலோட வண்டி ஓட்டுனா போலீஸ் புடிக்குமா, புடிக்காதா?” என்று கேட்டேன்.

“புடிச்சா நீ வந்து ஜாமீன் எடு” என்று சிரித்தான். அப்பா வாங்கிக்கொடுத்த புது ஹெல்மெட்டைத் தூக்கி என் மடியில் போட்டான். “என்னமோ செஞ்சுபோடு. எம்பட மானத்த மட்டும் வாங்கிப்போடாதே.”

சரிகைத் துணியை அதன் மேல் சுற்றிச் சுற்றி ஒட்டினேன். போட்டுப் பார்த்தால்... பூசணிக்காய்! உருமால் என்றால் நெற்றியில் படிய வேண்டும். இதுவோ உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உள்ளே பார்த்தேன். தடிமனான தெர்மோகோல். கத்தியால் கீறி, சுரண்டி, மிச்சமில்லாமல் எடுத்துவிட்டு, பழைய துண்டு ஒன்றை மடித்து வைத்துத் தைத்தேன். கச்சிதமாக இறங்கியது. ஓட்டின் மீதிருந்த தர முத்திரைக்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன்.

அந்தத் தெர்மோகோல் எதற்கு என்று தெரியாதா எனக்கு? மோதும்போது அது நசுங்கும், தலை நசுங்காது. பரீட்சையில் கேட்டிருந்தால் படம் போட்டு எழுதியிருப்பேன்! ஒருநாள் கூத்துக்குத்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். தங்கவேலிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை... இல்லை, பொய். தோன்றியது. சொன்னால் பயந்து வேண்டாம் என்றுவிடுவானே என்றும் தோன்றியது.

சீர் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் பைக்கில் கோயிலுக்குக் கிளம்பியபோது மண்டபமே வெடித்துச் சிரித்தது. “இனித் தாலிக்கும் லைசென்ஸ் கேப்பானுங்க, வாங்கி வெச்சுக்கங்க மாப்ள!” என்று ஒரு பெரியப்பா கத்தினார். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

சில வாரம் கழித்துப் போன் செய்தான்.

“மச்சா, தாராபுரம் ரோட்டுல ஒரு போலீஸ்காரர் நிறுத்துனாரு. செத்தேன்னு நெனச்சேன். ‘ஏனுங் மாப்ள, பொண்ண எங்க உட்டுட்டு வந்தீங்க’ன்னு சிரிச்சுப்போட்டு அனுப்பிச்சுட்டாருடா!”

“அதப் போட்டுட்டா வண்டி ஓட்டறே?”

“பின்னே? எம்பட ஹெல்மெட் அதுதானே!”

ஒரு வாக்கியம். ‘உள்ளே ஒன்றுமில்லை, அதைப் போடாதே.’ அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “போட்டோ எடுத்து அனுப்புடா!” என் கார்ட்டூன் ஊர் ஊராகப் போகிறது என்ற பெருமை... எவ்வளவு மலிவான பெருமை!

பிறகு ஒருநாள் அவன் பைக்குக்குக் குறுக்கே ஆடு ஒன்று ஓடி வந்ததாம். கோவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள்.

“ஹெல்மெட் போட்டிருந்தாருங்களா? அப்புறம் எப்படி இவ்வளவு அடி?” என்று டாக்டர் கேட்டார்.

அவன் அப்பா வெடித்துப்போன அந்த ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தார். ரத்தம் காய்ந்த சரிகை. “இது இல்லீன்னா எம்பையன் இல்லீங்க கண்ணு. நீ செஞ்சது, நீயே வெச்சுக்க.” கும்பிட்டார்... என்னை! வழியில் நொய்யல் பாலத்தில் நின்று அதை வீசினேன். யாரும் உள்ளே பார்த்துவிடக் கூடாதே!

அவன் பிழைத்தான். நடக்கிறான், சிரிக்கிறான். மோப்பம் மட்டும் போய்விட்டது. வேறு யாருக்காவது என்றால் அது சின்ன நஷ்டம். கொப்பரையை உடைத்து மூக்கருகே பிடித்தாலே, உள்ளே பூசணம் ஓடியிருக்கிறதா என்று சொல்லிவிடுகிறவன் அவன். அந்த மூக்கை நம்பித்தான் வியாபாரிகள் பேரம் பேசாமல் வாங்கினார்கள்.

அதன்பின் நான் அந்த மாதிரிக் கார்ட்டூன் எதையும் செய்யவில்லை. பீளமேட்டில் தனி அறை. நண்பர்கள் கூப்பிட்டால் போவதில்லை. எங்கே யாராவது அந்த உருமால் கதையை எடுத்துவிடுவார்களோ என்று பயம். கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். வெள்ளகோவிலுக்கு மட்டும் போகிறேன். ஏன் போகிறேன்? ஒவ்வொரு முறையும் சொல்லிவிடத்தான்!

கடைசியாகப் போனபோது அவன் மனைவி சுமதி காபி கொண்டுவந்தாள். “வாங்கண்ணா. நீங்க செஞ்ச தலைப்பா இல்லீன்னா இன்னிக்கு நானு...” முடிக்காமல் உள்ளே போனாள். இதோ, இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் தங்கவேல் என்னைக் கொப்பரை காயும் களத்தின் ஓரத்துக்கு இழுத்துப் போனான். ஒரு கொப்பரையை உடைத்து என் மூக்கருகே நீட்டினான்.

“மச்சா, மோந்து சொல்றா. சிக்கு வாடை, பூசண வாடை ஏதாச்சும் அடிக்குதா?”

“எனக்கென்னடா தெரியும்? அப்பாவைக் கேளு.”

“அப்பங்கிட்ட மூக்குப் போனதச் சொல்லவே இல்லடா. மனுசன் தாங்க மாட்டாரு. ஆளுங்களுக்குத் தெரிஞ்சா ஏவாரம் போச்சு.” குரலைத் தாழ்த்தினான். “உன்னயன்னா நம்பலாம்.”

மோந்தேன். கொப்பரை வாசம். நல்லதா, கெட்டதா... எனக்கு எப்படித் தெரியும்!

“நல்லாத்தான் இருக்குதுடா” என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. “சரக்கு சுத்தம்! மூட்டையத் தெச்சு லாரில ஏத்துங்க!” என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினான். பிறகு என் தோளில் கை போட்டுக்கொண்டான். லாரி கிளம்பும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்லை.