இருபத்துமூன்று பாட்டிலில் ஒரு மலை

ஊருக்குக் குடிதண்ணீரைத் தெளியவைத்து அனுப்பும் நிலையத்தில் இருபத்துமூன்று வருஷம் வேலை பார்த்த அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. படிகாரத்தார் என்றால்தான் தெரியும். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் கடிதம் வந்தால் தபால்காரர் ஊரெல்லாம் விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவர் வேலை இதுதான்: மலையிலிருந்து ஓடை எதைக் கொண்டுவந்தாலும் அது ஊரார் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது. தினமும் காலை ஆறு மணிக்கு ஆறு கண்ணாடி ஜாடிகளில் ஓடைத் தண்ணீரை நிரப்பி, ஒன்றைவிட ஒன்றில் கொஞ்சம் கூடுதலாகப் படிகாரம் கரைத்து ஊற்றி, கலக்கிவிட்டுக் காத்திருப்பார். சொத்துத் தகராறு தீர்ந்த சொந்தக்காரர்கள் மாதிரி மண் துகள்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அடியில் போய் உட்காரும். எந்த ஜாடி முதலில் தெளிகிறதோ அந்தக் கணக்குதான் அன்றைக்குப் பெரிய தொட்டிக்கு. பிறகு மணல் படுகை, குளோரின், குழாய்.

இதில் அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். அவர்கள் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எப்படி? கண்ணாடி மாதிரி இல்ல?"

"அவங்க தாகத்துக்குக் குடிக்கிறாங்க. பரிசு கொடுக்க வரல," என்பார் அவர் மனைவி.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. வருஷாவருஷம் முதல் மழையன்று தெளியவைக்காத ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, மூடி, வருஷத்தை எழுதி ஒட்டி, சோதனை அறையின் ஜன்னல் மேடையில் வைத்துவிடுவார். முதல் பாட்டிலின் அடியில் நகக்கண் அழுக்கு அளவுக்கு மண், கறுப்பாக. மக்கிய இலை. ஏழாவதில் ஒரு விரல் கனம், சிவப்பு. இருபத்துமூன்றாவதில் நான்கு விரல், மஞ்சள், நடுவே சின்னச் சின்னக் கற்கள். மலை முதலில் தோலை அனுப்பியது, பிறகு சதையை அனுப்பியது. இப்போது எலும்பு வந்துகொண்டிருந்தது. வரிசையாக வைத்திருந்தார், அழகாகத்தான் இருந்தது.

மலை இப்படிக் கரைவதைத் தொடங்கிவைத்தது யார் என்று விசாரித்தால், கோப்பின் முதல் தாள் படிகாரத்தாரின் கையெழுத்தில் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். தண்ணீர் நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் இரும்புச் சல்லடை ஒன்று உண்டு. அதன் மேலே பன்னிரண்டு பெரிய மரங்கள் கவிந்து நின்றன. இலையுதிர்கிற மாதங்களில் சல்லடை அடைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாலு தடவை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வாரியால் இழுத்துப் போட வேண்டும். முதுகுவலி தாங்காமல் மேலிடத்துக்கு எழுதினார்: "இலைகள் விழுந்து சல்லடையை அடைப்பதால் குடிநீர் விநியோகம் பாதிக்கப்படுகிறது. ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அவர் மனதில் இருந்தது இன்னொரு சல்லடை. அல்லது கூட ஓர் ஆள். மேலிடத்தார் யோசித்தார்கள். ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சல்லடைக்கு டெண்டர் விட வேண்டும். மரத்தை வெட்டினால் செலவுக்குப் பதில் வருமானம். நாலே மாதத்தில் உத்தரவு வந்தது: பன்னிரண்டு மரங்களும், பொதுநலன் கருதி, "அவற்றைச் சார்ந்த பிற மரங்களும்". ஒரு காட்டில் எந்த மரம் எந்த மரத்தைச் சாராதது என்று உத்தரவில் விளக்கம் இல்லை.

குத்தகை எடுத்தது அவருடைய தங்கை கணவர். ஓடைத் தெருவில் மர அறுவை மில் வைத்திருந்தவர். நல்ல மனுஷர். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் பந்தலுக்குக் கம்பு இலவசம். வெட்டிய மரத்தை இறக்க லாரிப் பாதை போட்டார். பாதை இருக்கிறதே என்று செங்கல் சூளைக்காரர்கள் விறகுக்கு ஏறினார்கள். வெறும் சரிவாகக் கிடக்கிறதே என்று காகித ஆலைக்காரர்கள் ஒரே ரக மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள்; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி எல்லாம் ஒரே உயரம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக வழித்து எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் அனுமதி இருந்தது. அந்த மலையில் அனுமதியில்லாமல் நடந்தது என்று சொன்னால் மழை ஒன்றுதான்.

"மரம் என்ன மச்சான், வெட்டினா வளரும். முடி மாதிரி," என்பார் மாப்பிள்ளை. அவருக்கு முன்மண்டை முழுக்க வழுக்கை.

பன்னிரண்டாம் பாட்டிலில் படிகாரத்தாருக்கு உறைத்தது. இரண்டாவது கடிதம் எழுதினார். ஓடைக்கு இரண்டு பக்கமும் நூறு அடிக்கு மரத்தைத் தொடக் கூடாது. ஏற்கெனவே இருந்த பல ஜாதி மரங்களையே கலந்து நட வேண்டும். செங்குத்தான மேல்சரிவில் ரம்பம் ஏறக் கூடாது. வெட்டியவற்றின் அடிக்கட்டையையாவது பெயர்க்காமல் விட்டால் தளிர்க்கும். வேர் உயிரோடிருக்கும்வரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பதில் மரியாதையாகவே வந்தது. "தாங்கள் நாள்தோறும் கையொப்பமிட்டு அனுப்பும் பதிவேட்டின்படி, குழாயில் வரும் நீர் மிகத் தெளிவாக உள்ளது. எனவே கவலைப்பட முகாந்திரம் இல்லை."

அன்று படிகாரக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பாதிக் கரண்டி குறைத்தால் போதும். நாளைக் காலையில் ஊர்க் குழாய் எல்லாம் டீ ஊற்றும். ஊரே மலையை அண்ணாந்து பார்க்கும். கரண்டியைச் சாய்த்தார். சாய்த்தவர், எங்கே குறைந்துவிடுமோ என்று ஒரு சிட்டிகை சேர்த்தே போட்டார். கைப்பழக்கம். பெருமை என்றும் சொல்லலாம்.

இருபத்துமூன்றாம் வருஷத்து மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குச் சல்லடைப் பக்கம் நட்டிருக்கும் அளவுக்கோலைப் பார்த்தார். நான்கு அடி. அரைமணி கழித்து மூன்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றரை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது, ஓடை வற்றுகிறது. ஒன்பது மணிக்குச் சல்லடை காய்ந்து நின்றது. அதில் ஓர் இலைகூட இல்லை. அவர் கேட்ட மாதிரியே.

வராத தண்ணீர் எங்கேயோ நிற்கிறது. மேலே சரிவு பெயர்ந்து விழுந்து ஓடையை அடைத்திருக்கிறது. அடைப்பு எவ்வளவு நேரம் தாங்கும்?

பொறியாளருக்குப் போன் செய்தார்.

"தண்ணி குறையுதா? நல்ல செய்திதானேய்யா. அப்ப வெள்ள எச்சரிக்கையை வாபஸ் வாங்கிடலாம்ல?"

குடையை விட்டுவிட்டு ஓடைத் தெருவுக்கு ஓடினார். நாற்பது வீடுகள், கடைசியில் மில்லும் தங்கை வீடும். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

"மேட்டுக்குப் போங்க. உடனே போங்க. வெள்ளம் வரப்போவுது."

"ஓடையில கால் நனையல, வெள்ளமா?" என்றார் ஒரு தையல்காரர். "இத்தனை வருஷமா கண்ணாடி கண்ணாடின்னீங்க. இப்ப திடீர்னு பயமுறுத்துறீங்க."

"ராத்திரி சரியாத் தூங்கலையாண்ணா?" என்று அனுதாபமாக ஒரு குரல்.

தங்கை வாசலுக்கு வந்து தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். "உள்ள வாண்ணே. சூடா ஏதாவது குடி. அவரு மில்லுல இருக்காரு."

"நீ கிளம்பு மொதல்ல."

"எங்க கிளம்ப? வீட்டைப் போட்டுட்டா?"

உண்மையைச் சொல்லி ஒருவரையும் நகர்த்த முடியாது என்பது புரிந்தது. படிகாரத்தார் நிலையத்துக்குத் திரும்பினார். ஓடைத் தெருவுக்குப் போகும் பெரிய வால்வைச் சுற்றி மூடினார். தண்ணீர் லாரி ஓட்டுநரைக் கூப்பிட்டு மேட்டுத் திடலில் நிறுத்தச் சொன்னார். பிறகு லாரியின் மைக்கை வாங்கினார்.

"ஓடைத் தெரு மக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று முதல் மூன்று நாட்களுக்குக் குழாயில் தண்ணீர் வராது. மேட்டுத் திடலில் லாரி நிற்கிறது. ஆளுக்கு இரண்டு குடம். நேரில் வருபவர்களுக்கு மட்டும்."

கால் மணி நேரத்தில் தெரு காலி. நடக்க முடியாத கிழவரை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். அவர் கணக்கில் இரண்டு குடம். தொட்டில் குழந்தைக்கும் இரண்டு குடம் உண்டா என்று ஒரு தாய் சட்டம் பேசினாள். கொட்டுகிற மழையில், குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஊர் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. வெளியே பிடித்து வைத்தாலே குடம் நிரம்பிவிடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வரிசை என்று வந்துவிட்டால் இடம்தான் முக்கியம்.

படிகாரத்தார் எண்ணிப் பார்த்தார். எல்லா வீடும் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. தங்கை வீட்டில் சொந்த ஆழ்துளைக் கிணறு. அவர்களுக்குக் குழாய் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். ஊரையெல்லாம் இழுத்த தூண்டில் அவருடைய சொந்த ரத்தத்தை மட்டும் இழுக்கவில்லை.

தங்கைக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. இறங்கப் போனவரை வரிசை மறித்துக்கொண்டது.

"எங்க நழுவுறீங்க? லாரிக் குழாய்ல ஏன் மெதுவா வருது?"

"இருக்கிற தண்ணியை மூடிவெச்சிட்டு லாரிக்காரனுக்கு வியாபாரமா?" என்றார் தையல்காரர். ஒருவர் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் குடத்தை ஓங்கினார். கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவதி போனை எடுத்துத் தங்கைக்குச் சொன்னாள்: "உங்க அண்ணனை அடிக்கப் போறாங்க. சீக்கிரம் வா."

வெள்ளத்துக்கு அசையாதவள் இதற்குப் பறந்து வந்தாள். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் பாத்திரம் தேய்த்த நார்.

"யார்டா என் அண்ணன் மேல கைய வெச்சது? இருபது வருஷம் அவர் கொடுத்த தண்ணியைக் குடிச்ச வாயாடா இது?"

படிகாரத்தாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை?"

"வரமாட்டேன்னுட்டாரு. வேலையாம்."

அவளுடைய போனிலேயே கூப்பிட்டார். உடனே எடுத்தார் மாப்பிள்ளை, நல்ல உற்சாகத்தில்.

"மச்சான், ஓடை சுத்தமாக் காஞ்சுபோச்சு. மில்லுல கட்டை அடுக்க இடமில்லாமத் தவிச்சிட்டிருந்தேன். இப்ப ஓடைக்குள்ளயே இறக்கி அடுக்கிட்டிருக்கேன். கரண்ட்டும் இல்ல, ரம்பமும் ஓடல, வேற என்ன வேலை?"

"எல்லாத்தையும் போட்டுட்டு மேல ஏறுங்க மாப்பிள்ளை. என் தங்கச்சி மேல ஆணையா."

"ஏறிடறேன். இன்னும் நாலே கட்டை."

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. புதிதாக அறுத்த மரத்தின் பச்சை வாசனை. மில்லில் ரம்பம் ஓடவில்லை என்று இப்போதுதான் சொன்னார். வாசனை மலையிலிருந்து இறங்கியது, ஈர மண்ணோடு சேர்ந்து, வரவரக் கனமாக. வரிசை பேச்சை நிறுத்தியது. குடங்களின் மேல் மழை விழும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. வேறொரு சத்தம் வந்து அதை மூடியது. போனில் மாப்பிள்ளை ஏதோ கேட்டார். "என்ன மச்சான் அது?" என்று கேட்டிருக்கலாம்.

ஓடைத் தெரு இருந்த இடத்தில் இப்போது பாறையும், வேரோடு வந்த அடிக்கட்டைகளும்தான். மாப்பிள்ளையை ஆறு நாள் தேடினார்கள்.

ஏழாம் நாள் படிகாரத்தாருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. மேலதிகாரி அனுமதியின்றி வால்வை மூடியது ஏன்? மூன்று நாள் தண்ணீர் வராது என்று தவறான தகவல் பரப்பியது ஏன்? இரண்டாவது கேள்வியில் நியாயம் இருந்தது. ஊரில் நான்கு மாதம் தண்ணீர் வரவில்லை. அவர் விளக்கமாக எதுவும் எழுதவில்லை. இரண்டு பழைய கடிதங்களின் நகலை வைத்து, பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி, மேலிடத்து மேஜைக்கே அனுப்பிவைத்தார்.

மேல்சரிவில் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது. அதில் வெட்டவேண்டிய மரங்களுக்குப் போன வருஷமே வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டாகிவிட்டது. ரம்பக்காரர்கள் வந்தபோது, பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் ஓடைத் தெருக்காரர்கள் லாரிப் பாதையில் போய்க் காலிக் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். தலைமை தையல்காரர். கோஷம் போடத் தெரியவில்லை, நிற்கத் தெரிந்தது. பதினொரு நாள் நின்றதில் வெட்டும் உத்தரவு, மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஓடைக் கரையில் பல ஜாதிக் கன்றுகளை நட்டிருக்கிறார்கள். முழங்கால் உயரம். வேர் பாறையைப் பிடிக்க இன்னும் பதினைந்து வருஷமாவது ஆகும். வெட்டிய பழைய மரங்களின் வேர்கள் உள்ளே மக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நிறுத்திவைக்க உத்தரவு கிடையாது.

தங்கை இப்போது அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். முதல் கடிதத்தைப் படித்துவிட்டாள். தினமும் காலையில் அவரோடு அளவுக்கோல்வரை வருகிறாள்.

நேற்று மழை பிடித்தது. இன்று காலை இருவரும் நனைந்துகொண்டே நின்றார்கள்.

"எவ்வளவுண்ணே?"

"ரெண்டே முக்கால்."

"நேத்து ராத்திரி?"

"மூணு."

அவள் போனை எடுத்து லாரி ஓட்டுநரைக் கூப்பிட்டாள். படிகாரத்தார், ஓடையோரம் மிச்சமிருக்கும் கீழ்த்தெருவின் வால்வை மூடப் போனார்.