ஆனைக்கரையில் இடம் மாறிய வெயில் பெட்டி

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கேரள எல்லையில் இருக்கும் எங்கள் மீனாட்சிபுரத்திலிருந்து கேரள மலைமேல் இருக்கும் ஆனைக்கரைக்குப் போனோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பால் வண்டி ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரி கோமதி பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளியில் கணக்கு டீச்சர். ஆனைக்கரை ஏலத்தோட்டம் ஒன்றில் நாள்தோறும் எழுதிவைத்த பழைய வெப்பக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மலை எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று பார்த்தாள். அதை அன்று மாலை விவசாயிகள் கூட்டத்தில் சொல்ல வேண்டும். ஆனால் அவள் வரைந்த கோடு ஒரு வருசத்தில் மட்டும் படி ஏறியது போல எகிறி நின்றது. காரணம் தெரியாமல் வாய் திறக்கமாட்டேன் என்றாள்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைச் சுற்றுகிற பாக்கியம் எங்களுக்குத்தான். கம்பத்திலிருந்து மெட்டு மலைச்சாலை வழியாக ஜீப், எழுநூறு ரூபாய்.

"டீச்சர் வெயில அளக்கவா வாராக?" என்றார் டிரைவர், நாங்கள் போகிற காரியத்தைக் கேட்டுவிட்டு.

"ஆமாங்க. ஊட்டுல என்னைய அளந்து முடிச்சாச்சு," என்றேன்.

தோட்டத்தில் வெப்பமானி வைத்த வெள்ளை மரப்பெட்டி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் சுவரை ஒட்டி நின்றது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"முன்னாடி மேட்டுலதான் இருந்துச்சு டீச்சர்," என்றார் சூப்பர்வைசர். "மழைல போய்ப் பாத்துட்டு வாரதுக்குள்ள அட்டை காலப் பிடிச்சு உறிஞ்சிருது. அதான் எறக்கிட்டோம்."

பெட்டியை இறக்கியதாக அவர் சொன்ன வருசமும் கோடு எகிறிய வருசமும் ஒன்று. கோமதி அங்கேயே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, பெட்டி இறங்குவதற்கு முந்தைய வருசங்களை மட்டும் போட்டுப் பார்த்தாள். அப்போதும் கோடு ஏறியது, ஆனால் மெதுவாக.

மாலைக் கூட்டத்தில் கோமதி அதைச் சொன்னதும் ஒரு விவசாயி எழுந்தார். "சூட்டக் கூட்டியே சொல்லுங்க டீச்சர். காஞ்ச செடிக்கு நிவாரணம் கேக்கணும்ல."

மதியம் சோறு போட்டவரே அவர்தான்.

"மலை சூடாகறது நெசமுங்க," என்றாள் கோமதி. "அடுப்புச் சூட்டையும் சேத்துச் சொன்னா, ஆபீசர் வந்து பெட்டியப் பாத்ததும் நெசத்தையும் தள்ளிருவாங்க. மேட்டுல இன்னொரு பெட்டி வைங்க. இதையும் எடுக்காதீங்க. ரெண்டையும் ஒரு வருசம் எழுதுனா அடுப்பு எவ்வளவு கூட்டுச்சுன்னு தெரியும், பழைய கணக்கையும் திருத்தீரலாம்."

"பெட்டிச் செலவு என்னோடது," என்றார் அந்த விவசாயி.

சூப்பர்வைசர் காலைப் பார்த்துக்கொண்டார். "அப்ப அட்டைக்கு மறுபடி விருந்துதான்."

மழைக்காலத்தில் போகிறவர்கள் அட்டையை உதிர்க்க உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். யாராவது பழைய வெப்பக் கணக்கை நீட்டினால், பெட்டி எங்கே நின்றது என்று முதலில் கேளுங்கள்.

கூட்டம் முடிந்து டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் யாரென்று கேட்டார். டீச்சர் வீட்டுக்காரர் என்றேன். காசு வாங்க மறுத்துவிட்டார். இன்னொரு டீயும் சொன்னேன்.