பூட்டுக்காரரின் நாடு

சாவியைக் கையில் வாங்கினால் பூட்டுக்காரர் அதைப் பார்ப்பதில்லை; கொடுத்தவரைத்தான் பார்ப்பார். மேலிருந்து கீழ், மறுபடி கீழிருந்து மேல். பிறகு, "எந்த ஊரு?" அதற்குப் பதில் வரும்வரை சாவி வெட்டும் இயந்திரம் ஓடாது. நாட்டுக்குள் எந்த மூலையைச் சொன்னாலும் நகல் சாவி கையோடு கிடைக்கும். ஆற்றுக்கு அக்கரை என்றால், அது வேறு நாடாயிற்றே, "வீட்டுச் சொந்தக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று சாவியைத் தள்ளிவிடுவார்.

பூட்டுத் தொழிலில் இருப்பவன் எல்லாரையும் நம்ப முடியுமா என்று கேட்பார். நியாயம்தான். ஆனால் இவருடைய சந்தேகத்துக்கு ஒரு கண்தான் தெரியும். போன மழைக்காலத்தில் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவன் வந்து, "சாவியத் தொலைச்சிட்டேண்ணே" என்றான். பேச்சு நம் பேச்சு. இவரே கூடப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். வீடு அவனுடையதில்லை, பீரோவைச் சுத்தமாக வழித்துக்கொண்டு போய்விட்டான். "அவன் அக்கரைக்காரனாத்தான் இருக்கணும், நம்மாளு மாதிரி பேசிட்டான்" என்று இன்றுவரை சாதிக்கிறார். இந்த மனுஷரை என்ன செய்வது!

மாலையில் கட்சிக்காரர்கள் கடையில் கூடுவார்கள். "நாடுங்கறது வீடு மாதிரி தம்பி. பூட்டு இல்லாத வீடு உண்டா? கண்டவனும் நுழைஞ்சா அது வீடா, சத்திரமா?" என்பார் இவர். தேர்தலில் இந்த வசனம் அப்படியே மேடையேறி, கைதட்டலும் வாங்கியது. அன்றிலிருந்து இவரைப் பிடிக்க முடியவில்லை.

மனைவி மட்டும் மசியவில்லை. "நாம என்ன இங்கயே முளைச்சோமா? ஒரு பகல், ஒரு ராத்திரி பஸ்ல குலுங்கி வந்து எறங்கினோம். அவங்க தோணியில ஏறி உக்கார்றதுக்குள்ள கரை வந்துருது."

"நாம இடம் மாறினோம். அவங்க நுழையறாங்க. தூரத்தையா பாக்கறது? கோட்டைப் பாரு."

"எந்தக் கோடு? தண்ணியில போட்டதா?"

அதற்கு அவர் அரத்தை எடுத்துக் கரகரவென்று ராவத் தொடங்கிவிடுவார்.

அன்று மத்தியானம், எதிர்ச்சந்தில் மாடி வீட்டில் குடியிருக்கும் அக்கரைத் தையல்காரி தலைதெறிக்க ஓடிவந்தாள். "அண்ணே, கதவு தானா பூட்டிக்கிச்சு! சாவி உள்ள இருக்கு. அடுப்புல பாலு, பொண்ணும் உள்ள. அவளுக்குப் பூட்டு எட்டாது!"

"வீட்டுச் சொந்தக்காரரு எங்க?"

"வெளியூருண்ணே."

"அப்ப அது நீங்க இருக்கற வீடுன்னு நான் எப்படி நம்பறது?"

"என் புள்ள அழுவுறா, வந்து கேளுங்க!"

மனைவி கருவிப்பையைத் தூக்கி அவர் மடியில் போட்டாள். "எழுந்திருங்கன்னா!"

படியேறும்போதே தீய்ந்த வாடை. உள்ளே குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "கண்ணு, அடுப்புகிட்டப் போகாத, கதவோரமாவே நில்லு!" என்று தாய் கதவை அறைந்து கத்தினாள். பூட்டுக்காரர் கைவேலையில் மன்னர். கம்பியை விட்டு நெம்பியதும் பூட்டு வாயைப் பிளந்தது. கதவு திறந்தது, புகை முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றாள்.

தாய் உள்ளே பாயப் போனாள். அவர் கதவு நிலையின் குறுக்கே கையை நீட்டி மறித்தார். குனிந்து, குழந்தையிடம் பதமாகக் கேட்டார்:

"பாப்பா, பயப்படாமச் சொல்லு. இவங்க யாரு?"

குழந்தை அவருடைய கைக்கடியில் நுழைந்து வந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அப்போதும் அவர் கையை எடுக்கவில்லை.