அண்ணியின் கையும் ரோஸ் கலர் திரவமும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் சட்டென்று போகாது. அண்ணியின் கையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நிமிஷம்கூட அது போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் அண்ணியும் ஒரே துணி ஆலையில் வேலை பார்க்கிறோம். நான் பேக்கிங், அவர் செக்கிங். பேக்கிங் யார் வேண்டுமானாலும் செய்யலாம், நானே செய்கிறேனே. செக்கிங் அப்படியில்லை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை மேல் சாட்டின் துணி நகர்ந்து வரும். மற்றவர்கள் குனிந்து கண்ணால் தேடுவார்கள். அண்ணி உள்ளங்கையைத் துணி மேல் பட்டும் படாமல் வைத்திருப்பார். ஒரு இழை தடித்திருந்தாலும் சரி, விட்டுப்போயிருந்தாலும் சரி, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கை நின்றுவிடும். ஆலையில் அவருக்கு 'ஸ்கேனர்' என்று பேர். பத்தொன்பது வருஷமாக அதே மேசை.

வீட்டிலும் இதே கதைதான். கொடியிலிருந்து எடுத்த சட்டையைத் தொட்டுவிட்டு, "காலர்ல இன்னும் ஈரம் இருக்கு, திரும்பப் போடு" என்பார். பிள்ளையின் நெற்றியில் கை வைத்து நூற்றி ஒன்று என்றால் நூற்றி ஒன்றுதான், தெர்மாமீட்டரை எடுப்பது ஒப்புக்குத்தான். அண்ணன் பொய் சொன்னால்கூட அண்ணி தொட்டே கண்டுபிடித்துவிடுவார் என்று நான் கேலி செய்வேன். அண்ணன் சிரிக்காமல், "அதனாலதான் நான் தள்ளியே உக்காந்திருக்கேன்" என்பான்.

இத்தனைக்கும் அந்தக் கைக்கு அவர் பெரிதாக எதுவும் செய்ததில்லை. குளித்துவிட்டு ஈரம் முழுசாகக் காய்வதற்குள் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். வேலை நாளில் எண்ணெய், க்ரீம் எதுவும் போட்டுக்கொண்டு செக்கிங் ஹாலுக்குள் போகக் கூடாது. சாட்டினில் பட்டால் கறை போகாது. அண்ணிக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

போன வருஷம் வெளியூருக்குப் போன துணி ஒன்று எண்ணெய்க் கறை என்று திரும்பி வந்தது. கறை மிஷினிலிருந்து விழுந்ததா, கையிலிருந்து விழுந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. மிஷின் மேல் பழி போட்டால் மிஷினைப் பிரிக்க வேண்டும். கை மேல் போட்டால் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும். எண்ணெய், க்ரீம் கூடாது என்ற பழைய விதியையும் சேர்த்து மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார். ஹாலுக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் கை கழுவ வேண்டும். தண்ணீர் குடிக்க, கழிவறைக்கு, சாப்பாட்டுக்கு, துணி ரோலை மாற்ற என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வெளியே போய் வர வேண்டியிருக்கும். வாசலில் ஒரு தொட்டி, பக்கத்தில் ரோஸ் கலர் திரவம் நிரப்பிய பாட்டில்.

மூன்றாவது மாதம் அண்ணியின் விரல் நுனிகள் வெளுத்து உரிய ஆரம்பித்தன. அப்புறம் கணுக்களில் வெடிப்பு. ரசத்தில் கை பட்டால் துடித்துப்போய்விடுவார், பட்டதைச் சொல்ல மாட்டார். ஒரு நாள் அவர் கை போன வழியெல்லாம் சாட்டினில் மெல்லிய கோடு விழுந்தது. தோலின் சொரசொரப்பு இழையைப் பிடித்து இழுத்திருக்கிறது. டேமேஜ் ரிஜிஸ்டரில் காரணம் என்ற இடத்தில் மேனேஜர், 'செக்கரின் கை' என்று எழுதினார். அப்படி மூன்று தடவை எழுதப்பட்டால் மேசையை விட்டு இறக்கிவிடுவார்கள். எழுதிவிட்டு அவர் அண்ணியிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"வயசாகுதுல்லம்மா. நல்ல மாய்ஸ்சரைசரா வாங்கிப் போடுங்க."

க்ரீம் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியவர் வாயிலிருந்து இது வருகிறது. அண்ணி, "சரிங்க சார்" என்றாராம். நானாக இருந்தால் அந்த நோட்டீஸைக் கிழித்து அவர் கையில் கொடுத்திருப்பேன்.

அண்ணன் மருந்துக் கடைக்குப் போனான். கடைக்காரப் பெண், "ட்ரை ஸ்கின்னா, நார்மல் ஸ்கின்னா, சென்சிட்டிவ்வா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் பஸ் ஓட்டுகிறவன், கியரில் இத்தனை வகை இருந்தால்கூடத் தெரியும். முழித்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய டப்பாவாக வாங்கி வந்தான். திறந்தால் வீடே மணந்தது. வெடிப்பில் பட்டதும் அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றான் அண்ணன். மூன்று நாளில் மணிக்கட்டு வரை சிவந்து தடித்ததுதான் மிச்சம். அதற்குள் ரிஜிஸ்டரில் இரண்டாவது தடவையும் எழுதியாயிற்று.

அடுத்து நான் புகுந்தேன். இந்த இடத்தில் என் கோபம் என் மேலேயே திரும்புகிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. எனக்கு அப்போது போனில் வீடியோ பார்க்கும் பைத்தியம். பளபளவென்று முகம் வைத்திருந்த ஒருத்தி, கடையில் விற்கும் க்ரீம் எல்லாம் விஷம், சமையலறையில் இருப்பதே போதும் என்று சொன்னாள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிச் சர்க்கரையில் தொட்டுத் தேய்க்க வேண்டுமாம். செத்த தோல் உதிர்ந்து கை பட்டு மாதிரி ஆகிவிடுமாம்.

"இயற்கையானது அண்ணி, கெடுதல் பண்ணாது."

அண்ணி கையை நீட்டினார். வெடிப்பு விட்ட கையில் நான் எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பச்சைப் புண்ணில் புளிப்பை விடுகிறோம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இயற்கை என்று ஒருத்தி சொல்லிவிட்டாள், அவ்வளவுதான், என் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போதுமா அண்ணி?" என்றதற்கு, "நீ ஆசையாப் பண்ற, முடிச்சுடு" என்றார்.

மறுநாள் வெள்ளை சாட்டின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியின் நடுவிரலில் வெடிப்பு பிளந்து ரத்தம் துணியில் பட்டது. கடுகளவுதான். மூன்றாவது தடவை எழுதினார்கள். அண்ணியைக் கழிவுத் துணி பிரிக்கும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் கையைச் சரி பண்ணிக்கொண்டு வந்து மேனேஜர் முன்னால் துணியில் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மேசை வேறு ஆளுக்கு. அண்ணி வீட்டுக்கு வந்து அழவில்லை. கொடியில் காய்ந்த துணியைத் தொட்டுப் பார்க்காமலே மடித்து வைத்தார்.

அடுத்த நாள் காலையிலேயே அவரை அரசாங்க ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மூன்று மணி நேரம் வரிசை. டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"எதுலம்மா கை கழுவுறீங்க?"

ஆலை வாசலில் வைத்திருக்கும் ரோஸ் கலர் திரவத்தில், நாளைக்குப் பத்துத் தடவை என்று அண்ணி சொன்னார். மேனேஜர் வயசைச் சொன்னார், கடைக்காரி தோலின் வகையைக் கேட்டாள், நான் எதையுமே கேட்கவில்லை. எதில் கழுவுகிறீர்கள் என்று இத்தனை மாதத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

"தோல் தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே சுரந்துக்கும். நல்லா இருக்கற தோலுக்கு தினமும் க்ரீம் போட்டே ஆகணும்னு ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டரம்மா. "ஆனா அந்த எண்ணெயைப் பத்துத் தடவை வழிச்சு எடுத்தா அது என்ன பண்ணும்? மொதல்ல எடுக்கறதை நிறுத்தணும்."

வாசனை இல்லாத சாதாரண வாஸ்லின், படுக்கப் போகும்போது கை லேசாக ஈரமாக இருக்கையிலேயே தடவி மேலே பருத்திக் கையுறை. வெதுவெதுப்பான தண்ணீர், சுடுதண்ணீர் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். புண் ஆறிய பிறகு, ஒத்துக்கொண்டால் பழைய தேங்காய் எண்ணெய்க்கே திரும்பலாம். இவ்வளவுதான் வைத்தியம். வேறு ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். நான் எலுமிச்சையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார், திட்டியிருந்தால் தேவலை.

அன்று மத்தியானமே ஆலை ஸ்டோருக்குப் போய் நின்றேன். ரோஸ் கலர் திரவம் வரும் கேனைக் காட்டச் சொன்னேன். ஸ்டோர்காரர் நல்ல மனுஷர், ஒளிக்கத் தெரியாதவர். இருபது லிட்டர் கேனைத் திருப்பிக் காட்டினார். மிஷின் பாகங்களில் பிடித்த கிரீஸைக் கழுவும் திரவம். கையுறை இல்லாமல் தொடாதே என்று படமே போட்டிருந்தது.

"எண்ணெய்க் கறையே இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. இதுலதான் எண்ணெய் சுத்தமாப் போகும். தண்ணி கலந்துதான் ஊத்தறேன்" என்றார். மனுஷன் கையையும் பல்சக்கரத்தையும் ஒன்றாகவே நினைத்திருக்கிறார். அவரைச் சொல்லி என்ன, மேலே இருப்பவர்களும் அப்படித்தானே நினைத்தார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் ஹால் பெண்களிடம் போனேன். அண்ணியோடு சேர்த்துப் பதினோரு பேர். கையைக் காட்டுங்கள் என்றதும் ஒவ்வொருத்தியும் முந்தானைக்குள், டப்பாவுக்குப் பின்னால் என்று ஒளித்தாள். அதட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாக் கையும் ஒரே கை. ஒருத்தி தன் அம்மாவுக்கும் இப்படித்தான் என்றாள். இன்னொருத்தி பிள்ளை பெற்றதிலிருந்து என்றாள். ஒருத்தி வீட்டுப் பாத்திரத்தின் மேல் பழி போட்டாள். ஒவ்வொருத்தி பையிலும் ஒரு க்ரீம், ஆளுக்கொரு கம்பெனி. பக்கத்து மேசைக்காரிக்குத் தெரிந்தால் ரிஜிஸ்டரில் தன் கையையும் எழுதிவிடுவார்களோ என்று, பதினோரு பேரும் தனித்தனியாகத் தன் தோலையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்போதே மேனேஜரிடம் ஓடப் பார்த்தேன்; என் கை ஆறட்டும், ஆறிய கையைக் காட்டினால்தான் நம்புவார் என்று அண்ணி தடுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழிவுத் துணிக் கொட்டகையில் தூசு இருந்தது, ரோஸ் கலர் திரவம் இல்லை. அண்ணியின் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. அவர் கையைக் காட்டப் போன நாளில் நானும் பேக்கிங்கை விட்டுவிட்டுப் போய் நின்றேன். மேசையில் வெள்ளை சாட்டினை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"கழுவிட்டு வாங்க" என்றார் மேனேஜர்.

"வீட்டு சோப்புல கழுவிட்டுத்தான் வந்திருக்கேன் சார். அந்தத் தொட்டியில கழுவ மாட்டேன்."

அண்ணி அவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மேனேஜர் நோட்டீஸைக் காட்டினார். நான் ஸ்டோரிலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருந்த கேனைக் காட்டினேன். மற்ற பத்துப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு வந்து கையைப் பக்கத்து மேசை விளக்கின் மேல் விரித்து வைத்தார்கள். அடியிலிருந்து வந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு வெடிப்பும் கோடு கோடாகத் தெரிந்தது. மேனேஜர் கேனிலிருந்த படத்தைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். தன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"சரி, சோப்பை மாத்திடலாம். இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குத் தலைக்கு ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டார். கையைச் சாட்டினில் வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட்டினார். ஒரு கோடுகூட விழவில்லை. நடுவில் ஒரு இடத்தில் கை நின்றது. "இங்க இழை விட்டிருக்கு" என்றார். மேனேஜர் குனிந்து பார்த்தும் தெரியாமல், லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"நாளையிலிருந்து மேசைக்கு வந்துடுங்கம்மா."

அண்ணி நகரவில்லை. "ரிஜிஸ்டரை எடுங்க சார்" என்றார்.

"அதான் மேசை குடுத்தாச்சே."

"மூணு இடத்துல என் கைன்னு எழுதியிருக்கீங்க. அடிங்க."

"வாங்குறவங்க பாக்குற ரிஜிஸ்டர்மா அது. காரணம்னு ஏதாவது ஒண்ணு இருந்தாகணும். அடிச்சுட்டு அந்த இடத்துல நான் என்னன்னு எழுதறது?"

அண்ணி அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தானே எடுத்து, மூடியைக் கழற்றி, அவரிடம் நீட்டினார்.

"மிஷின் கழுவுறதைக் குடுத்து பதினோரு பேர் கையைக் கழுவச் சொன்னோம்னு எழுதுங்க. மூணு இடத்துலயும் எழுதுங்க. நான் நிக்கிறேன்."