டோரதி ஊதி அணைத்த மெழுகுதிரி

என் நாத்தனார் டோரதியை மேலப்புதூரில் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். வீட்டிலும் அதே டீச்சர்தான். நான் ஸ்டவ்வைப் பற்றவைத்தால் போதும், பின்னாலேயே வந்து நின்றுகொள்வாள். "அண்ணி, நீலமா எரியுது பாருங்க! காத்து நல்லாக் கலந்திருக்கு!" என்று துள்ளுவாள். பால் பொங்கி வழிவது மட்டும் அவள் கண்ணில் படாது.

பெண் பார்க்க வருகிறவர்களையும் அவள் விடமாட்டாள். "நெருப்பு எதனால ஆனதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிடுவாள். ஒரு பேங்க் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொருவர், "பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமான்னு பாக்க வந்தோம்" என்று எழுந்தே போய்விட்டார். மகளுக்கு முப்பது நெருங்குகிறதே என்று என் மாமியார் பாக்கியமேரி ஜெபமாலையும் கையுமாக அலைந்தார். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வரும். காப்பியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன குறைந்துவிடும்?

எழுபத்தொன்பதாம் வருஷம் பொன்மலையிலிருந்து தைரியராஜ் வந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். கூடவே அவருடைய அம்மா சகாயம்மாள். எங்கள் வழக்கப்படி திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி, ஜெபம் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். காப்பி ஆறுவதற்குள் டோரதி கேட்டுவிட்டாள்.

தைரியராஜ் சிரிக்கவில்லை. "நாள் முழுக்க நெருப்புக்கிட்டதாங்க நிக்கிறேன். எதனால ஆனதுன்னு யோசிச்சதே இல்லை. நீங்க சொல்லுங்களேன்" என்றார்.

டோரதியின் முகத்தைப் பார்த்தேன். இவரை விட்டால் அவள் வேறு யாரையும் கட்டமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நெருப்புங்கிறது தனியா ஒரு பொருளே இல்லீங்க. அது நடந்துக்கிட்டே இருக்கிற ஒரு காரியம்! மெழுகு உருகி, திரியில ஏறி, சூட்டுல ஆவியாகுது. அந்த ஆவி காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேருறப்ப வர்ற சூடும் வெளிச்சமும்தான் நாம பாக்குற சுடர். மஞ்சளாத் தெரியுது பாருங்க, அது கரித்தூள். கண்ணுக்கே தெரியாத பொடி, சூடேறி ஜொலிக்குது!"

"எரியுறது திரி இல்லையா?" தைரியராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ஆவிதாங்க! காட்டுறேன்" என்று எழுந்தவள், ஆண்டவர் முன்னால் எரிந்த திரியை வாயால் ஊதி அணைத்துவிட்டாள்.

சாமி விளக்கை நாங்கள் விரலால் கிள்ளித்தான் அணைப்போம். அதுவும் பெண் பார்க்கிற நேரத்தில் அணைப்பார்களா? சகாயம்மாள் "ஐயையோ!" என்று எழுந்தேவிட்டார். டோரதி அதைக் கவனிக்கவே இல்லை. திரியிலிருந்து எழுந்த வெள்ளைப் புகையில், திரிக்கு மேலே விரற்கடை உயரத்தில், எரியும் தீக்குச்சியைக் காட்டினாள். நெருப்பு புகையைப் பிடித்துக்கொண்டு குபுக்கென்று கீழே இறங்கித் திரியில் உட்கார்ந்தது!

சகாயம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். "புதுமை! அற்புதம்! குச்சி படவே இல்லை, தானாப் பத்திக்கிச்சே! ஆண்டவரே சம்மதம் சொல்லிட்டாரு!"

"ஆமாங்க, ஆமாங்க" என்று என் மாமியார் அவசரமாகத் தலையாட்டினார். பேசாமல் இருடி என்று நான் டோரதியின் இடுப்பில் கிள்ளினேன். சும்மா நின்றாலே போதும், கல்யாணம் முடிந்த மாதிரிதான். அவள் தைரியராஜை ஒரு தரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இல்லீங்கம்மா. இது புதுமை இல்லை. அந்தப் புகை மெழுகோட ஆவி. அதுதான் பத்திக்கிச்சு. யாரு செஞ்சாலும் பத்தும்."

என் மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். சகாயம்மாள் டோரதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செஞ்சாலுமா?"

"பத்தும்ங்கம்மா."

"அந்தத் தீப்பெட்டியக் குடு."

வாழ்நாளில் விளக்கை ஊதி அணைக்காத அந்த அம்மாள், படத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு ஊதினார். ஊதிய வேகத்தில் புகையெல்லாம் கலைந்துபோக, குச்சிதான் வீணாயிற்று. "மெதுவா ஊதணும்மா" என்று டோரதி மறுபடி ஏற்றிக் கொடுத்தாள். இந்தத் தடவை நெருப்பு இறங்கியது. "ஏ, வந்துருச்சுடா! தைரியம், பாத்தியா?" என்று கத்தினார் சகாயம்மாள். எனக்கே கைதட்ட வேண்டும் போல இருந்தது.

என் மாமியாரால் பொறுக்க முடியவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க... உங்க முடிவு என்னன்னு..." என்று இழுத்தார்.

சகாயம்மாள் திரும்பக்கூட இல்லை. அடுத்த குச்சியை உரசிக்கொண்டே சொன்னார்:

"கொஞ்சம் இருங்க சம்பந்தி, இன்னொரு தடவ பாத்துக்கிறேன்."