தம்பிக்கு மட்டும் ஒரு பத்திரிகை

பென்சில் என்றால் பென்சில், பெயின்ட் என்றால் பெயின்ட். இரண்டுமாக இருக்கிற ஒரு சாமானை நாற்பத்தொன்பது வயதில்தான் முதன்முதலாகக் கையில் பிடித்தேன். வாட்டர்கலர் பென்சில் என்று பெயர். தேய்த்தால் சாதாரணக் கலர் பென்சில் மாதிரிதான் இருக்கிறது. ஈரப் பிரஷ்ஷால் தொட்டால் கோடெல்லாம் கரைந்து பெயின்ட் ஆகிவிடுகிறது. அதை வைத்து என் தம்பிக்கு ஒரு பத்திரிகை செய்யப்போனேன். நடந்ததில் பாதி எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சென்னீர்குப்பத்தில் ஃபிளாட் வாங்கினோம். புதுமனை புகுவிழாவுக்கு என் வீட்டுக்காரர் பத்திரிகை அடித்துக்கொண்டு வந்தார். கீழே 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்று சொந்தக்காரர் பெயர்களை வரிசையாகப் போடுவார்களே, அதில் அவர் தம்பி, அவர் அக்கா, அக்காவின் மருமகன் வரைக்கும் இருந்தார்கள். என் தம்பி பெயர் இல்லை. கேட்டால், "நீதான் அவன்கூட பேசறதே இல்லியே" என்றார்.

அது உண்மைதான். நான்கு வருஷத்துக்கு முன்பு தம்பி ஆவடியில் வீடு கட்டிக் குடிபோனபோது அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு நேரில் வந்து கொடுக்காமல் எனக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினான். நான் போகவில்லை. அதோடு நிற்காமல், குடும்ப குரூப்பில் எல்லாரும் பார்க்க, 'அம்பத்தூர் வரைக்கும் வர உன் காலுக்கு என்ன கேடு' என்று எழுதினேன். அன்றோடு பேச்சு நின்றது. எழுதியது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டில் பால் காய்ச்சும்போது கூடப்பிறந்தவன் இல்லாவிட்டால் அது எனக்கு வீடே இல்லை.

அவன் பெயர் இல்லாத பத்திரிகையை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு அவன் வாசலில் நிற்பது? மறுபடி அடிக்க நாள் இல்லை. பேனாவால் ஓரத்தில் அவன் பெயரை எழுதினால் அதைவிடக் கேவலம். அவனுக்கு மட்டும் தனியாக ஒன்று செய்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன்.

அப்போது நாங்கள் அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் ஐடி வேலை பார்க்கிற ஒரு கோயம்புத்தூர்க்காரம்மா குடியிருந்தார். சனிக்கிழமையானால் ரப்பர் ஸ்டாம்பால் பூவும் கொடியும் அச்சு வைத்து, கலர் அடித்து வாழ்த்து அட்டை செய்வார். போய்க் கேட்டேன்.

"ரொம்ப ஈசிங்க்கா. அச்சு வைங்க, உள்ள பென்சில்ல கலர் பண்ணுங்க, அப்புறம் பிரஷ்ஷ தண்ணில தொட்டு லேசா இழுங்க. அவ்ளோதானுங்க" என்று, தாமரை ஸ்டாம்ப், குத்துவிளக்கு ஸ்டாம்ப், கொடி ஸ்டாம்ப், பென்சில் டப்பா, கெட்டி அட்டை எல்லாம் கொடுத்தார். மை டப்பாவை எடுக்கப்போனவரை நான்தான் தடுத்தேன். "மை எங்கிட்ட கீதும்மா."

பாடியில் ஒரு கம்பெனி ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். உள்ளே வருகிற சரக்கின் சலான் ஒவ்வொன்றிலும் சீல் குத்துவது என் வேலை. ஸ்டாம்ப் அடிக்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? பழைய ஸ்டாம்ப் பேட் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் ஒற்றி அடித்தேன். தாமரை அச்சு அசலாக விழுந்தது. கலர் தேய்த்தேன். பிரஷ்ஷை வைத்ததுதான் தாமதம், பூவின் கோடு மொத்தமும் ஊதாவாக ஓடிப் பரவிவிட்டது. இன்னொரு அட்டை எடுத்தேன். அதுவும் ஓடியது. மூன்றாவதில் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். தாமரை கத்தரிக்காய் ஆனது.

நேராக மாடிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "இன்னாம்மா பென்சில் இது, ஸ்டாம்பையே அழிக்குது?"

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பென்சில் மேல தப்பு இல்லைங்க்கா. இது ஆபீஸ் மை, தண்ணி பட்டா கரைஞ்சிரும். இதுக்குக் கரையாத மை வேணும். குடுக்க வந்தேன், நீங்க விட்டாத்தானே."

பென்சில் கரைய வேண்டும், மை கரையக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அடித்த சீலில் ஒருவரும் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

அவர் மையில் அடித்த நாலாவது அட்டை நன்றாக வந்தது. தாமரைக்கு ரோஸ், கொடிக்குப் பச்சை, விளக்குக்கு மஞ்சள். காய்ந்ததும் உள்ளே நாள், நேரம், விலாசம் எல்லாம் பேனாவில் எழுதினேன். கடைசியில் 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்று எழுதி, அதன்கீழ் தம்பி பெயரை மட்டும் நீலப் பென்சிலில் கொட்டை எழுத்தில் எழுதினேன். அது தனியாகத் தெரிய வேண்டும் என்று ஆசை.

மறுநாள் காலை எல்லாப் பத்திரிகைக்கும் மஞ்சள் வைக்க உட்கார்ந்தேன். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து நாலு மூலையிலும் தடவாமல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் பத்திரிகை கொடுக்க மாட்டோம். ஐம்பது பத்திரிகைக்கு வைத்த கை ஐம்பத்தொன்றாவதுக்கும் வைத்துவிட்டது. அது தம்பியின் அட்டை. கொடியின் பச்சை கரைந்து மஞ்சளோடு சேர்ந்து பாசி மாதிரி ஆனது. கீழ் மூலையில் அவன் பெயர் நீலமாக உப்பி வழிந்தது. துணியால் ஒற்றினேன். ஒற்ற ஒற்ற இன்னும் பரவியது. அன்று விட்டால் எனக்கு வேறு லீவு கிடையாது. அதையே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தம்பிதான் கதவைத் திறந்தான். "வா" என்றான், அக்கா என்று சொல்லவில்லை. வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டை நீட்டினேன். அட்டையைப் பிரித்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"இன்னாது இது, சாம்பார் கொட்டிட்டியா?"

"நானே பண்ணது."

"அதான் தெரியுதே." கீழே காட்டினான். "இங்க யார் பேரு? அடிச்சி உட்டுகீற?"

"அடிக்கல. உன் பேருதான். மஞ்ச தண்ணி பட்டு கரைஞ்சிப்போச்சு."

"உன் வாய் பட்டுகூட கரையாத பேரு."

அவன் பொண்டாட்டி உள்ளே சிரிப்பது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. "ஞாயித்துக்கெழம காலைல நாலரைக்கு மேல ஆறுக்குள்ள பால் காய்ச்சறோம். வந்துடு" என்றேன்.

"இத போன்லயே சொல்லியிருக்கலாம்" என்றான். குத்திக்காட்டினானா, சமாதானம் பேசினானா? பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வந்தான். நான் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்றான். டிபன் பந்தி போட்டதும் யாரும் சொல்லாமலே சாம்பார் வாளியைத் தூக்கினான். விருந்தாளி உட்காருவான், வீட்டு ஆள்தான் பரிமாறுவான். மூன்று பந்திக்கும் அவன்தான் பரிமாறினான். என் நாத்தனாரிடம், "ரெண்டாவது வாட்டி கேக்கறியே, மொத வாட்டி எங்க போச்சு" என்று வம்பு வேறு இழுத்தான். அப்பாடா என்றிருந்தது.

கடைசிப் பந்தியில் அவனுக்கு இலை போட்டுவிட்டுத் தேடினால் ஆள் இல்லை. ஒரு வாய் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். கை நனைக்காமல் போவது என்றால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். அப்புறம் எதற்கு வாளியைத் தூக்கினான்?

மறுநாள் போன் பண்ணினேன். நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஏன்டா சாப்பிடாம போன?"

"ஷிப்டு இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை அவன் கம்பெனிக்கு லீவு. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சாம்பார் மீந்துச்சா?" என்றான்.

"மீந்துச்சு. இன்னாத்துக்கு?"

"சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டான்.