ஆயிடும் சார்

எங்கள் தெருவில் மாடியறையில் ட்யூஷன் எடுக்கும் உயிரியல் வாத்தியாருக்கு 'ஆயிடும் சார்' என்று பெயர். பையனுக்கு டாக்டர் சீட்டு கிடைக்குமா என்று யார் கேட்டாலும் அதுதான் பதில். கேட்பது பையனின் அம்மாவாக இருந்தாலும் சார்தான். பள்ளிக்கூடத்து மார்க் முட்டையாக இருந்தால், "இப்பதான் அஸ்திவாரம் போடுறோம்" என்பார். அந்த அறையில் போட்ட அஸ்திவாரங்களின் மேல் ஓர் ஊரையே கட்டியிருக்கலாம்.

பெற்றோர் மனம் நோகக் கூடாது என்பதில் மனுஷனுக்கு அப்படியொரு அக்கறை. மாதத் தேர்வுக் கேள்விகளை முந்தின வாரமே போர்டில் எழுதிப் போட்டுவிடுவார். ஆகவே அங்கே மக்குப் பிள்ளையே கிடையாது. வெளியே நடக்கும் நுழைவுத் தேர்வுக்குத்தான் இந்த நாகரிகம் தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரரின் மகள் அதில் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தாள். அப்பாவோ கடையின் பின்பக்கம் தடுப்புப் போட்டு, டாக்டர் மகளுக்கு நாற்காலியும் கைகழுவும் தொட்டியும் வைத்து முடித்துவிட்டார். அவளுக்கு நில அளவைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் அதுவும் போச்சு.

"நான் சொன்னா அப்பா நம்பமாட்டார் சார். நீங்க உண்மையைச் சொல்லிடுங்க" என்று வாத்தியாரிடம் கெஞ்சினாள்.

உண்மையா! வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் அவள் அழுததைப் பார்த்து மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை கடைக்குப் போனார்.

"சார், பாப்பாவுக்கு டாக்டர் படிப்பு சரிப்படாது. அவ கேக்குறதுல சேர்த்துடுங்க."

கடைக்காரர் இழுப்பறையிலிருந்து மாதத் தேர்வுத் தாள்களை எடுத்துப் பரப்பினார். எல்லாம் தொண்ணூறுக்கு மேல்.

"இது நீங்க போட்ட மார்க்குதானே?"

"கேள்வியை முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டேன் சார்."

திட்டுவார் என்று பார்த்தால் அவர் பரிதாபப்பட்டார். "பரவாயில்ல சார். உங்களால முடிஞ்சது அவ்வளவுதான். வேற நல்ல வாத்தியார் யாராவது இருந்தா சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் வாத்தியார் வாய் தவறாமல் சொன்ன ஒரே உண்மைக்கு இதுதான் சம்பாவனை.

மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மகள் திரும்பினாள்.

"வாத்தியாரை மாத்தி என்னப்பா பண்ணப் போறீங்க? டாக்டராகுற மாதிரி வேற பொண்ணு யாராவது இருந்தா பாருங்க."

தலைவலி மாத்திரைக்கு வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்டும் கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.